புகையும் பருமனும்: எந்தத் தராசில் நிறுப்பது?

1920களின் இறுதியில் அமெரிக்காவின் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் விளம்பரங்கள் பெண்களுக்கு ஒரு யோசனை சொல்லின: இனிப்பு தின்னத் தோன்றுகிறதா, ஒரு சிகரெட்டை எடுங்கள், உடம்பு ஏறாது. மிட்டாய் வியாபாரிகள் கொதித்துப்போனார்கள். விவகாரம் அரசின் வணிக ஆணையம் வரை போயிற்று. புகைப்பதையும் தின்பதையும் எதிரெதிரே நிறுத்தி 'இதைவிட அது மேல்' என்று ஊர் முழுக்கச் சொன்னவர்களில் சிகரெட் வியாபாரிகள் முன்வரிசைக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நூறு ஆண்டுகள் கழித்து ஒப்பீடு தலைகீழாகியிருக்கிறது. பருமனே இக்காலத்தின் புகைப்பழக்கம் என்கிறார்கள். சிலர் அதைவிடவும் மோசம் என்கிறார்கள்.

கேள்வியின் இரு பாதிகளுக்கும் வயது வேறு. அளவுக்கு மீறித் தின்பது பற்றிய எச்சரிக்கை மிகப் பழையது. குறளின் 95ஆம் அதிகாரத்துக்குப் பெயர் மருந்து. அதில் பெரும்பகுதி பேசுவதோ செரித்தது அறிந்து அளவாக உண்பதைப் பற்றி. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூற்பாக்களிலும், இயல்பிலேயே பெருத்தவர்கள் திடீரெனச் சாகும் வாய்ப்பு அதிகம் என்ற குறிப்பு உண்டு. புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் அதை வைது ஒரு சிறுநூலே எழுதினார். தமிழில் சீனிச்சர்க்கரைப் புலவரோ புகையிலையைப் பழனி முருகனிடம் தூது அனுப்பினார். உணவை அளந்து உண்ணச் சொன்ன மொழிதான் புகையிலைக்கு அந்த மரியாதையையும் கொடுத்தது.

இரண்டில் எது அதிகம் கெடுக்கிறது என்பதற்கு எண்ணால் விடை தேடியது கடந்த 75 ஆண்டுகளில்தான். வந்த விடைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. கணக்குத் தவறு கொஞ்சம் உண்டு. ஆனால் முட்டலின் பெரும்பகுதி, ஆளுக்கொரு தராசைத் தூக்கிக்கொண்டு வந்ததால் நேர்ந்தது.

குற்றம் பதிவான விதம்

புகை மீதான வழக்கு ஒப்பீட்டளவில் நேரானது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபிரான்ஸ் முல்லர் 1939இலேயே நுரையீரல் புற்றுநோய்க்கும் புகையிலைக்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார். உலகம் கவனித்தது 1950இல். அந்த ஆண்டு அமெரிக்காவில் விண்டரும் கிரகாமும், பிரிட்டனில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபர்டு ஹில்லும் தனித்தனியாக ஒரே முடிவை வெளியிட்டார்கள். டால் தொடக்கத்தில் சந்தேகப்பட்டது சாலைக்குப் போடும் தாரை. லண்டன் மருத்துவமனைகளில் கிடந்த நோயாளிகளின் விவரம் குவியக் குவிய, ஆய்வு முடிவதற்குள்ளேயே அவர் சிகரெட்டை விட்டுவிட்டார்.

1951இல் இருவரும் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கேள்வித்தாள் அனுப்பினார்கள். அப்படிப் பதிவான சுமார் 34,000 ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்ததன் முடிவு 2004இல் வெளிவந்தது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்திருந்தார்கள். இடையில் எதிர்வாதம் வராமல் இல்லை. புள்ளியியலின் பிதாமகர்களில் ஒருவரான ஆர். ஏ. ஃபிஷர், புகைக்கத் தூண்டுகிற பரம்பரைக் கூறே புற்றுநோயையும் தரக்கூடும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் சிகரெட் நிறுவனங்களின் ஆலோசகராகவும் இருந்தார் என்பது தனிக்கதை. 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரியின் அறிக்கை வந்தபின் அந்த வாதத்துக்கு அறிவியல் அரங்கில் ஆதரவு கரைந்துவிட்டது.

பருமன் மீதான வழக்கு தொடங்கியது காப்பீட்டு அலுவலகத்தில். யாருக்குப் பாலிசி கொடுத்தால் சீக்கிரம் பணம் கட்ட நேரும் என்று பார்த்த மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் லூயி டப்ளின், 1940களில் உயரத்துக்கேற்ற எடை அட்டவணைகளைக் கொண்டுவந்தார். பின்னால் அந்த இடத்தைப் பிடித்தது பி.எம்.ஐ. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது அது. சூத்திரம் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெட்லேயுடையது. 19ஆம் நூற்றாண்டில் 'சராசரி மனிதனை'த் தேடியவர் அவர். நோயைத் தேடியவர் அல்லர். 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார்.

ஒப்பீட்டின் முதல் கோணல் இங்கேதான். புகைப்பது ஒரு செயல்; ஒரு நாளுக்கு எத்தனை என்று எண்ணலாம். பருமன் ஓர் உடல்நிலை. மிகையாகத் தின்பது அதற்கு ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. செயலை நிலையோடு நிறுத்துவிட்டு, விடையைச் செயல் பற்றிய தீர்ப்பாக வாசிக்கிறோம்.

நான்கு லட்சமா, ஒரு லட்சமா?

பருமன் புகையை முந்துகிறது என்ற முழக்கம் பிறந்த இடம் அமெரிக்காவின் மரணக் கணக்கு. 1993இல் மெக்கின்னிஸும் ஃபேகியும், மருத்துவச் சான்றிதழில் எழுதும் நோயின் பெயரை விட்டுவிட்டு அதன் பின்னாலுள்ள மூலகாரணத்தை எண்ண முயன்றார்கள். புகையிலைக்கு ஆண்டுக்கு 4 லட்சம் மரணங்கள், தவறான உணவுக்கும் உடலுழைப்பின்மைக்கும் சேர்த்து 3 லட்சம் என்று விடை வந்தது. 2004இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் கணக்கைப் புதுப்பித்தார்கள். புகையிலை 4,35,000, உணவும் உழைப்பின்மையும் 4,00,000. இரண்டாவது சீக்கிரமே முதலாவதைத் தாண்டிவிடும் என்றும் எழுதினார்கள். செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆண்டே பிழைதிருத்தம் வந்தது: கணிப்பில் தவறு, 4 லட்சம் அல்ல, 3,65,000. அதே 2005இல், அதே மையத்தைச் சேர்ந்த கேத்தரின் ஃபிளேகல் வேறு முறையில் எண்ணினார். பருமனால் ஏற்படும் மிகை மரணங்கள் சுமார் 1,12,000 என்றார். அதோடு நிற்கவில்லை. பருமனுக்குக் கீழ்ப்படியில் இருக்கும் மிகை எடைக்காரர்களிடம், அதாவது பி.எம்.ஐ. 25க்கும் 30க்கும் இடையே உள்ளவர்களிடம், எதிர்பார்ப்பைவிடச் சுமார் 86,000 மரணங்கள் குறைவு என்றும் கண்டார். ஒரே நாடு, ஒரே ஆய்விதழ், ஓராண்டு இடைவெளி. ஒன்றின் எண் மற்றதைப்போல் மூன்றரை மடங்கு. 2013இல் ஃபிளேகல் குழு 97 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் மிகை எடைக்காரர்களின் இறப்பு 6 விழுக்காடு குறைவாகவே இருந்தது. ஹார்வர்டு உணவியல் அறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். விவாதம் சில சமயம் ஆய்வரங்கின் நாகரிகத்தைத் தாண்டியும் போனது.

ஃபிளேகலை எதிர்த்தவர்களின் வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் நடுவில் புகையே உட்கார்ந்திருக்கிறது. புகைப்பவர்கள் சராசரியாக மெலிந்தவர்கள். நிகோடின் பசியை அடக்கும். எனவே ஒல்லியானவர்களை ஒரு வரிசையில் நிறுத்தினால் அதில் புகைப்பவர்கள் அதிகம் இருப்பார்கள். அவர்கள் சீக்கிரம் இறப்பார்கள். பழி ஒல்லிக்குப் போகும், புகழ் தொந்திக்குப் போகும். காசநோயோ புற்றுநோயோ உள்ளே அரிப்பதால் மெலிந்தவர்களும் அதே வரிசையில் இருப்பார்கள். நோய் எடையைக் குறைத்தது. கணக்கோ குறைந்த எடை நோயைத் தந்ததுபோல் காட்டும்.

இந்த இரு கசிவுகளையும் அடைக்க 2016இல் லான்செட் மருத்துவ இதழில் பெரும் முயற்சி ஒன்று வெளிவந்தது. 239 ஆய்வுகள், 1 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருநாளும் புகைக்காதவர்கள், நாள்பட்ட நோயில்லாதவர்கள், முதல் 5 ஆண்டுகள் உயிரோடிருந்தவர்கள் என்று வடிகட்டியதில் சுமார் 40 லட்சம் பேர் மிஞ்சினார்கள். இப்போது மிகை எடையின் நற்பெயர் போய்விட்டது. 25க்கு மேல் ஒவ்வொரு 5 புள்ளிக்கும் இறப்பு வாய்ப்பு 31 விழுக்காடு ஏறியது. ஃபிளேகல் தரப்போ, இத்தனை பேரை விலக்கிவிட்டு மிஞ்சியவர்களை மட்டும் பார்ப்பதே புதிய கோணலைக் கொண்டுவரும் என்கிறது. அந்த ஆட்சேபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும், என் மதிப்பீட்டில், வடிகட்டிய கணக்கின் பக்கமே பலம் கூடுதல்.

ஓர் ஆளை எடுத்துக்கொண்டால்

நாட்டுக் கணக்கை விட்டு ஓர் ஆளுக்கு வந்தால் சச்சரவு குறைகிறது. 9 லட்சம் பேரின் தரவைத் தொகுத்து 2009இல் வந்த ஆய்வின்படி, பி.எம்.ஐ. 30 முதல் 35 வரை இருந்தால் ஆயுளில் 2 முதல் 4 ஆண்டுகள் போகின்றன. 40 முதல் 45 வரை இருந்தால் 8 முதல் 10 ஆண்டுகள். புகைப்பவரின் இழப்புக்குச் சமமாவது இந்த உயரத்தில்தான். ஐந்தரை அடி உயரமுள்ளவர் ஏறத்தாழ 112 கிலோவுக்கு மேல் இருந்தால் அங்கே வருவார். அத்தகையவர்கள் எந்த ஊரிலும் சிறுபான்மை. எனவே சாதாரணப் பருமனையும் சாதாரணப் புகைப்பழக்கத்தையும் எதிரெதிரே வைத்தால், தட்டு புகையின் பக்கம் தெளிவாகவே தாழ்கிறது.

கேம்பிரிட்ஜின் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2012இல் இதை நாள்கணக்காக்கிக் காட்டினார். அரை மணி நேர ஆயுளை ஓர் அலகாக வைத்தார். 2 சிகரெட் ஓர் அலகைத் தின்னும். 5 கிலோ மிகை எடையைச் சுமப்பவருக்கும் ஒரு நாளைக்கு ஓர் அலகு போகும். 10 கிலோ கூடுதலாக இருப்பவர் 4 சிகரெட்காரருக்குச் சமம். பாக்கெட் ஊதுபவரை எட்ட இன்னும் வெகுதூரம். அழகான கணக்கு. ஆனால் நேர்கோட்டில் ஓடுகிற கணக்கு. உடம்பு அப்படி ஓடுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் பாக்கெட் ஊதுபவரின் கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறத்தாழப் பாதி வந்துவிடுகிறது என்று 2018இல் ஹேக்‌ஷா குழு காட்டியது. புகையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. சோற்றில் அளவு இருந்தே ஆக வேண்டும், பூஜ்யம் கொல்லும்.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால்? அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரத்தவரை நெடுங்காலம் பின்தொடர்ந்த தரவை வைத்து 2003இல் செய்த கணிப்பில், புகைக்காத 40 வயதுப் பருமனானவர்களில் பெண்கள் 7.1 ஆண்டுகளும் ஆண்கள் 5.8 ஆண்டுகளும் இழந்தார்கள். பருமனோடு புகையும் சேர்ந்தவர்கள் இழந்தது 13 ஆண்டுகளுக்கு மேல். இந்தப் பருமன் எண்கள் 2009 ஆய்வினதைவிடப் பெரியவை. இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நல்ல மாத்திரைகள் இல்லாத காலத்தவர்கள் ஃப்ரேமிங்ஹாம்காரர்கள் என்பது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

சாவா, நோவா?

மரணத்தை விட்டு நோயை எண்ணினால் வேறு விடை வருகிறது. ராண்டு நிறுவனத்தின் ரோலண்டு ஸ்டர்ம் 2002இல் அமெரிக்கர்களின் மருத்துவச் செலவைப் பார்த்தார். பருமன் மருத்துவமனைச் செலவை 36 விழுக்காடும் மருந்துச் செலவை 77 விழுக்காடும் கூட்டியது. புகை கூட்டியது 21, 28 விழுக்காடுகள் மட்டுமே. பருமன் புகையைவிட மோசம் என்று சொல்பவர்கள் அதிகம் சாய்ந்து நிற்பது இந்த ஆய்வின் மேல்.

இதன் ஓட்டையை 2008இல் நெதர்லாந்துக் கணிப்பு ஒன்று காட்டியது. ஓராண்டுச் செலவைப் பார்க்காமல் 20 வயது முதல் சாகும்வரை கூட்டினால், ஆரோக்கியமாக வாழ்ந்தவருக்கே அதிகம் செலவு: 2,81,000 யூரோ. பருமனானவருக்கு 2,50,000. புகைப்பவருக்கு 2,20,000. காரணம் எளிது. அவர்களின் எதிர்பார்ப்பு ஆயுள் முறையே 84, 80, 77. செத்தவருக்கு மாத்திரைச் சீட்டு எழுதுவதில்லை. செலவு என்ற தராசில் புகைப்பவர் சிக்கனக்காரராகத் தெரிகிறார் என்றால், தூக்கி எறிய வேண்டியது அந்தத் தராசை.

இருந்தும் ஸ்டர்ம் தொட்ட உண்மை மிஞ்சுகிறது. புகை ஆயுளை வெட்டுகிறது. பருமன் ஆயுளின் உள்ளே புகுந்து அரிக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று 30, 40 ஆண்டுகள் கூடவே வரும் பட்டியல் அது.

சென்னை சொன்ன இரு செய்திகள்

இந்தக் கேள்வியில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோவும் சேர்ந்து செய்த முதல் ஆய்வு 2003இல் வந்தது. சென்னையிலும் தமிழகக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது சுமார் 4 மடங்கு அதிகம். மேலைநாட்டில் நுரையீரல் புற்றுநோய் என்று அறியப்பட்ட கொலையாளி, இங்கே காசநோயின் வேடத்தில் வீட்டுக்கு வந்திருந்தது. 2008இல் பிரபாத் ஜா குழு நாடு முழுவதற்கும் கணக்கிட்டபோது, சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சுமார் 10 ஆண்டுகளும், பீடி பிடிக்கும் ஆண்கள் 6, பெண்கள் 8 ஆண்டுகளும் இழப்பதாகத் தெரிந்தது. பெட்டிக்கடை ஓரத்தில் புகைந்தபடி தொங்கும் கயிற்றின் நுனியில் பற்றவைக்கிற அந்தச் சின்னப் பீடி, இலையில் சுற்றியது என்பதால் சாது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் உண்டு. எண்கள் அதற்கு இடம் தரவில்லை.

இரண்டாம் செய்தி எதிர்பாராதது. 1998 முதல் 2001 வரை சென்னையில் வீடு வீடாகப் போய் 5 லட்சம் பேரின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பதிந்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவு 2018இல் வெளியானது. 35 முதல் 69 வயது வரையான இறப்புகளில், மிகை எடையும் முதல்நிலைப் பருமனும் (பி.எம்.ஐ. 30 முதல் 35 வரை) பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. கொன்றது மெலிவு, அதிலும் காசநோயாலும் சுவாச நோய்களாலும். ஐரோப்பாவின் வளைகோட்டை அப்படியே சென்னையின் மேல் கவிழ்க்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதைப் பருமனுக்குத் தரும் நற்சான்றாக எடுத்துக்கொள்ளலாமா? அவசரப்படக் கூடாது. அந்தத் தலைமுறை நடுவயதில் தொந்தி வைத்த தலைமுறை. பள்ளிப் பருவத்திலேயே வைத்தவர்கள் அதில் அநேகமாக இல்லை. மேலும் பி.எம்.ஐ. என்ற அளவுகோலே நம் உடம்புக்குக் கோணல். புணேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் ஒரு படம் வெளியிட்டார்கள். வெள்ளைச் சட்டையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிடம் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. உலகச் சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் ஆசியர்களுக்கு 23ஐயே எச்சரிக்கைக் கோடாகச் சேர்த்துக்கொண்டது இத்தகைய சான்றுகளால்தான்.

எண்கள் போகும் திசையும் கவனிக்கத்தக்கது. இந்தியப் பெரியவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 2009-10இல் 34.6 விழுக்காடு, 2016-17இல் 28.6. அவர்களிலும் மெல்பவர்களே புகைப்பவர்களைவிட அதிகம் என்பதை இந்த விவாதம் வழக்கமாக மறந்துவிடுகிறது. மறுபக்கம், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள். முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 30.9 விழுக்காடுதான். ஓர் ஆளுக்குப் புகை அதிகக் கேடு என்பதும், ஊருக்குப் பருமன் பெரிய சுமையாகிவருகிறது என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தின்பதன் குற்றம் எவ்வளவு?

மிகையாகத் தின்பது என்ற சொல்லையே சிலர் ஏற்பதில்லை. 2019இல் வந்த உலக நோய்ச்சுமைக் கணக்கு, தவறான உணவால் ஆண்டுக்கு 1.1 கோடி மரணங்கள் என்றது. புகையிலைக்குச் சொல்லப்படும் 80 லட்சத்துக்கும் மேல். தலைப்புகளுக்குத் தீனி கிடைத்தது. ஆனால் உள்ளே பார்த்தால் முன்வரிசையில் இருப்பவை உப்பு மிகுதி, முழுத்தானியக் குறைவு, பழக் குறைவு. பெரும்பகுதி, தின்னாததன் குற்றம். இதை மிகையுணவின் கணக்கில் எழுதுவது முறையல்ல. இத்தனைக்கும் அந்த எண்கள் பல அனுமானங்களின் மேல் நிற்பவை. புகையிலை எண்ணின் உறுதி அவற்றுக்குக் கிடையாது.

எதைத் தின்கிறோம் என்பதே எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கிறது என்பது இன்னொரு தரப்பு. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. வேண்டிய மட்டும் தின்னலாம். பதப்படுத்திய உணவின்போது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. ஆய்வு சிறியது, காலம் குறுகியது. ஆனாலும் மன உறுதி இல்லாதவன் என்ற வசவைக் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் 1985இல் ஜெனரல் ஃபுட்ஸையும் 1988இல் கிராஃப்ட்டையும் வாங்கியது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். இரு பண்டங்களையும் ஒரே முதலாளி விற்ற காலம் உண்டு.

கொள்கையிலும் இதே இழுபறி. தத்துவவாதி டேனியல் கேலஹன் 2013இல், புகைப்பவர்களைக் கூச வைத்ததுபோலப் பருமனானவர்களையும் கூச வைக்கலாம் என்று எழுதிக் கண்டனத்தை வாங்கிக்கட்டிக்கொண்டார். புகை அடுத்தவர் மூக்கிலும் ஏறுகிறது. பிறர் விட்ட புகையால் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். பக்கத்து இலைக்காரர் மூன்றாம் முறை பாயசம் கேட்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது. வரி, விளம்பரத் தடை, பொட்டலத்தில் எச்சரிக்கை ஆகியவற்றைப் புகையிலையிடமிருந்து உணவுக்குக் கடன் வாங்கலாம். சிலி 2016இல் கறுப்பு எண்கோண முத்திரை போட்டது. கேரளம் அதே ஆண்டில் பர்கர், பீட்சாவுக்கு 14.5 விழுக்காடு வரி போட்டது, ஜி.எஸ்.டி. வந்தபோது அது போயிற்று. அவமானத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை.

தீராதவை

சில கதவுகள் திறந்தே கிடக்கின்றன. சிறுவயதிலேயே பருத்து, நல்ல மாத்திரைகளோடு வாழப்போகும் இன்றைய தமிழ்த் தலைமுறைக்கு எந்த வளைகோடு பொருந்தும் என்பதைச் சொல்லும் தரவு வர இன்னும் 20, 30 ஆண்டுகள் ஆகலாம். எடையைக் குறைக்கும் செமாகுளூட்டைடு ஊசி, மிகை எடையோ பருமனோ உள்ள இதயநோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 20 விழுக்காடு குறைத்தது என்று 2023இல் 17,604 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. எடை குறைந்ததால் வந்த பலனா, மருந்தின் வேறு செயலா என்பது முழுமையாகப் பிரித்தறியப்படவில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை ஏறக்குறைய முடிந்துவிட்டது. லக்கி ஸ்ட்ரைக் கிளப்பிய பயம் அது: புகையை விட்டால் உடம்பு ஏறிவிடுமே? ஏறும். முதல் ஆண்டில் சராசரியாக 4, 5 கிலோ. சர்க்கரை நோயின் ஆபத்தும் சில ஆண்டுகள் கூடும். ஆனால் 2018இல் வந்த ஹார்வர்டு ஆய்வில், எடை எவ்வளவு ஏறியிருந்தாலும் விட்டவர்களின் இறப்பு விடாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. 60 வயதில் விட்டால் 3 ஆண்டுகள், 50இல் 6, 40இல் 9, 30இல் 10 திரும்பக் கிடைக்கும் என்று டாலின் மருத்துவர்கள் கணக்கு சொல்கிறது. எடை குறைப்புக்கு இப்படி வயதுவாரியாக உறுதியான அட்டவணை இன்னும் கிடையாது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஸ்வீடன்காரர்களுக்குச் சராசரியாக 3 ஆண்டுகள் கூடின என்பதே கையில் இருக்கும் நம்பகமான எண்களில் ஒன்று.